மரகதத்தின் பழைய தண்ணீர்

உக்காருங்கம்மா, உக்காருங்க. சீட்டு காலிதான். கேன்தான் குறுக்க நிக்குது. இந்தா, காலுக்கு அடியில தள்ளிட்டேன். காலி கேன்மா, பயப்படாதீங்க. வாசம் மட்டும் போகல. ஜன்னலைத் திறந்து வெக்கறேன், அஞ்சு நிமிஷத்துல பழகிடும். எனக்கு இருபத்தாறு வருஷமாப் பழகிடுச்சு.

என்ன வாசம்னு கேக்க மாட்டீங்களா? போகும்போது எல்லாரும் கேட்டாங்க. அந்த பஸ் கண்டக்டர், "யோவ் பெரியவரே, கேன்ல என்ன, சரக்கா?"ன்னார். "இல்லப்பா, நீர்யானை லத்தி கரைச்ச தண்ணி"ன்னேன். பஸ்ஸே சிரிச்சுது. "சரக்குன்னே சொல்லியிருக்கலாம் பெரியவரே, மரியாதையா இருந்திருக்கும்"ங்கறார். உண்மையைச் சொன்னா சிரிக்கறாங்க. திரும்பச் சொன்னா கோவப்படறாங்க. மூணாந்தடவை சொன்னா காதுலயே வாங்கறதில்ல. அதுதான்மா என் குறை. வேற ஒரு குறையும் இல்ல எனக்கு.

என் பேர் பிச்சாண்டி. மிருகக்காட்சி சாலையில வாட்சரா இருந்தேன், நீர்யானைக் கொட்டகையில. ரிட்டையர் ஆகி எட்டு மாசம் ஆச்சு. மரகதம்னு ஒரு பொம்பளை நீர்யானை. பலகையில ஏதோ வெளிநாட்டுப் பேரு எழுதியிருந்தாங்க. அதுக்கே தெரியாது அது தன் பேருன்னு. மரகதம்ங்கறது நான் வெச்ச பேரு. குளத்துத் தண்ணி பச்சைப் பசேல்னு நிக்கும், அதுல கண்ணும் காதும் மூக்கும் மட்டும் மேல மிதக்கும். வேற என்ன பேரு வெக்கறது?

நீங்க நீர்யானை பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. பாக்கப் போயிருப்பீங்க. ஜனங்க வேலியில சாஞ்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் நிப்பாங்க. "எங்கடி இருக்கு? வெறும் சாக்கடைதான் தெரியுது"ன்னு திட்டிட்டுப் புலி பாக்கப் போயிடுவாங்க. அது அவங்க காலுக்கு நேர் கீழ குளத்து அடியில நடந்துக்கிட்டு இருக்கும். ஆமாம்மா, நடக்கும். அதுக்கு நீந்த வராது. சத்தியமா. பேருலதான் நீர். நாம கடைத்தெருவுல நடக்கற மாதிரி அடித்தரையில கால் வெச்சு நடக்கும். தூங்கறதும் உள்ளதான். நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா மூக்கு மட்டும் மேல வரும். புஸ்ஸுன்னு ஒரு மூச்சு. மறுபடி கீழ. தூக்கம் கலையாது. என் சம்சாரம் இருந்தப்ப சொல்லுவா, "அதுக்கு இருக்கற அடக்கம் உங்களுக்கு இருக்கா? நீங்க விடற குறட்டையில தெருவே எழுந்து உக்காருது"ன்னு. அவ போயி நாலு வருஷம் ஆச்சு.

வாயைப் பிளந்தா "கொட்டாவி விடுது பாரு"ம்பாங்க. அது கொட்டாவி இல்லம்மா. கிட்ட வந்தா ரெண்டாக் கடிச்சுடுவேன்னு சொல்லுது. ஜனங்க அதுக்குக் கை தட்டுவாங்க. வெயில்ல வந்து நின்னா உடம்பு முழுக்கச் செவப்பாக் கசியும். "ஐயோ, ரத்தம், ரத்தம், அடிக்கறாங்க போல"ன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டுப் போனவங்ககூட உண்டு. ரத்தமும் இல்ல, வேர்வையும் இல்ல. எண்ணெய் மாதிரி ஒண்ணு. அது தோலுக்கு அதுவே பிடிச்சுக்கற குடை. ஆனா நாள் கணக்காத் தண்ணியில இறங்காம நின்னா அந்தக் குடையும் பத்தாது. தோல் வெடிச்சுடும்.

முக்கியமான சங்கதி இனிமேதான். நீங்க சாப்பிட்டுட்டு வந்திருந்தா மன்னிச்சுக்கணும். அது லத்தி போடும்போது வால் சும்மா இருக்காது. ஃபேன் மாதிரி சுத்தும். நாலு பக்கமும் தெறிக்கும். செவுரு, வேலி, நம்ம சட்டை, எல்லாம். அசிங்கம் பண்ணுதுன்னு நினைப்பாங்க. அசிங்கம் இல்லம்மா. இது என் இடம்னு எழுதுது. நாம வாசல்ல பேர்ப்பலகை மாட்டறோம் இல்ல, அது. அந்த வாசம் இருக்கற வரைக்கும் அதுக்கு அது வீடு. வாசம் போயிட்டா அடுத்தவன் வீடு.

இதை யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல. பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். வேலைக்குச் சேந்த முதல் வருஷம். இளரத்தம். நல்ல பேரு வாங்கணும்னு, குளத்துத் தண்ணியை மொத்தமா இறைச்சுட்டு பிளீச்சிங் பவுடர் போட்டு, தென்னந்தொடைப்பத்தால ரெண்டு நாள் தேச்சேன். தரை வெள்ளை வெளேர்னு சிமெண்ட் தெரிய மின்னுச்சு. ஆபீசர் தோள்ல தட்டிக் குடுத்தார். மரகதம் வந்துச்சு, கரையில நின்னு மோந்துச்சு. இறங்கல. மூணு நாள் இறங்கல. ஒரு புல்லு தின்னல. நாலாம் நாள் நான் பூசணிக்காய் போடப் போனேன், என்னைத் துரத்துச்சு பாருங்க, அந்த உடம்பு என்ன ஓட்டம் ஓடுதுங்கறீங்க! வேலி மேல ஏறி விழுந்து இந்த முட்டி அன்னிக்குப் போனது. நல்லதுதான பண்ணோம், ஏன் இப்படிப் பண்ணுதுன்னு அழுகையே வந்துடுச்சு எனக்கு.

அதுக்கப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். குளம் கழுவும்போது மூலையில ஒரு பள்ளம் மட்டும் தொட மாட்டேன். பழைய தண்ணியும் லத்தியும் அங்க நிக்கும். புதுத் தண்ணி விட்டதும் அதைக் கலக்கி விடுவேன். பாலுக்கு உறை ஊத்தற மாதிரி. அவ்வளவுதான், அரை நாள்ல மொத்தக் குளமும் அதோட குளம் ஆயிடும். இருபத்தாறு வருஷம் இப்படித்தான் நடந்துச்சு.

போன மாசம் அதை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. கடலோரத்துல புதுசா ஒரு பூங்கா. கண்ணாடிச் செவுரு வெச்ச தொட்டி, டைல்ஸ் தரை, தண்ணியைச் சுத்தம் பண்ண ராத்திரி பகலா ஓடற மெஷினு. எனக்கு யாரும் சொல்லல. ரிட்டையர் ஆனவனுக்கு என்ன மரியாதை? அங்க வாட்சரா இருக்கற தணிகாசலம் எனக்குத் தெரிஞ்சவர். போன வெள்ளிக்கிழமை செல்லுல ஒரு படம் அனுப்பினார். மரகதம் கரையில நிக்குது. தொட்டித் தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு. முதுகுத்தோல் ஏரி காஞ்ச மாதிரி பாளம் பாளமா வெடிச்சிருக்கு. "அண்ணே, ஒன்பது நாளாச்சு, தண்ணியில இறங்கல, வாயில ஒண்ணும் படல. டாக்டர் கையைப் பிசையறார்"ன்னார்.

"உறை ஊத்துனீங்களா?"ன்னேன். "என்னாது?"ன்னார்.

அப்பவே கிளம்பிட்டேன். எங்க பழைய குளத்தை மூடி, செல்ஃபி எடுக்கற இடம் ஆக்கப் போறாங்களாம். நல்ல வேளை, இன்னும் இறைக்கல. மூலைப் பள்ளத்துல கை விட்டு அள்ளி, இந்தக் கேன் நிறைய ரொப்பிக்கிட்டேன். வீட்ல சொல்லிட்டுப் போகவும் ஆள் இல்ல. மகன் தசரதன் கம்பெனிக்குப் போனா பன்னெண்டு மணி நேரம். மருமக அமுலு, தன் அம்மா வீட்டுக்குப் போயி அன்னிக்குப் பதினஞ்சு நாள்.

ஏன்னா கேக்கறீங்க? கேளுங்க, நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒரு தோசைக்கல்லுக்குமா! ஒரு தோசைக்கல்லுக்குப் பொட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா.

அவ வரும்போது கொண்டுவந்தது. அவங்க அம்மா, சம்பந்தியம்மா, பதினெட்டு வருஷம் இட்லிக்கடை வெச்சிருந்தாங்க. அந்தக் கடையில இருந்த கல்லு. கன்னங்கரேல்னு, தார் ரோட்டுல பேத்து எடுத்த மாதிரி. ரிட்டையர் ஆனதுல இருந்து எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. பாத்ரூம் கழுவினேன், தண்ணித்தொட்டி கழுவினேன், மாடிப்படி கழுவினேன். இந்தக் கல்லைப் பாக்கும்போதெல்லாம் கை பரபரங்கும். "மாமா, அதை மட்டும் தொடாதீங்க, நானே துணியால துடைச்சுக்குவேன்"னு அவ சொல்லுவா. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, பதினஞ்சு தடவை சொல்லியிருப்பா. மாமனாரை வேலை வாங்கக் கூடாதுன்னு மரியாதைக்குச் சொல்றான்னு நினைச்சேன். நல்ல பொண்ணும்மா. ஒரு நாள் அவ வேலைக்குப் போனப்ப எடுத்தேன். ஆத்துமணல், செங்கல்தூள், கம்பிநார். ரெண்டு மணி நேரம். என் தோள்பட்டை கழண்டுடுச்சு. ஆனா கல்லு வெள்ளித்தட்டு ஆயிடுச்சு! முகம் பாத்துக்கலாம். ஜன்னல்ல சாத்தி வெச்சேன், வந்ததும் கண்ணுல படட்டும்னு.

வந்தா. பாத்தா. அப்படியே தரையில உக்காந்துட்டா.

மறுநாள் தோசை ஒண்ணுகூட வரல. கல்லோட ஒட்டிக்கிட்டு, உப்புமா மாதிரி வழிச்சு வழிச்சு எடுத்தா. "என்ன அமுலு, கைப்பக்குவம் போயிடுச்சா?"ன்னேன், சும்மா தமாசுக்கு. சிரிக்கல. மூணு நாள் சரியாச் சாப்பிடல. சரி, புள்ள வாடுதேன்னு, "விட்டுத் தள்ளு, நான்ஸ்டிக் ஒண்ணு வாங்கிக்கலாம்"னேன். அதுக்குத்தான்மா அழுதா! "இந்த வீட்ல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான் மாமா"ன்னா. வீட்டுச் சாவியே உன் இடுப்புலதான தொங்குது, இதுல உனக்குன்னு எனக்குன்னு என்ன இருக்குன்னு கேட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே போயிட்டா. நல்லது பண்ணவனுக்கு இந்த உலகத்துல... சரி, விடுங்க. அவளா வரட்டும். நான் போக மாட்டேன். நான் மரகதத்தைச் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

சனிக்கிழமை போய்ச் சேந்தேன். கேட்டுல செக்யூரிட்டி, "கேனோட உள்ள விட மாட்டோம்"னான். கேனை அவன் ரூமுல வெச்சுட்டு, எல்லாரையும் போல வரிசையில நின்னு டிக்கெட் வாங்கிட்டு உள்ள போனேன். என் மரகதத்தைப் பாக்க எனக்கு டிக்கெட்டு! கரையில வாடி நின்னுச்சு. பூசணி, முட்டைக்கோசு, அகத்தி எல்லாம் முன்னாடி குவிஞ்சு ஈ மொய்ச்சுக்கிட்டு கிடக்கு. நான் வாளியைத் தட்டுவேன், பழைய நாள்ல, அடியில மூணு தட்டு. அங்க வாளி ஏது? வேலிக் கம்பியில மோதிரத்தால மூணு தட்டு தட்டினேன். காது ரெண்டும் திரும்புச்சும்மா. அவ்வளவுதான். தலை திரும்பல. அதுக்கும் தெம்பு இல்ல.

அந்தப் பூங்காவுக்கு அதிகாரி ஒரு அம்மா. போய்க் கும்பிட்டுச் சொன்னேன். "பெரியவரே, அதுல எத்தனை கிருமி இருக்கும் தெரியுமா?"ன்னாங்க.

"அந்தக் கிருமியோடதாம்மா அது இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்துச்சு."

"லேபுக்கு அனுப்பி முடிவு வர நாலு நாள் ஆகும்."

"அதுக்கு நாலு நாள் இருக்குங்களா?"

டாக்டர் தம்பி ஒருத்தர் பக்கத்துல நின்னார், சின்ன வயசு, தூங்காத கண்ணு. அந்தம்மா சொன்னாங்க, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஆயிரக்கணக்குல ஜனம் வரும். கலங்கின தண்ணியைக் காட்டறதுக்கா இவ்வளவு பெரிய கண்ணாடி போட்டிருக்கு?"

"காட்டறதுக்கு அது இருக்கணும் இல்லீங்களாம்மா?"ன்னேன். முகம் செவந்துடுச்சு அவங்களுக்கு. வெளிய போகச் சொல்லிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை போனேன். அதே பேச்சு. திங்கக்கிழமை போனேன். "நேத்தே சொன்னேன் இல்ல?"ன்னாங்க. நான் சொல்றது அவங்க காதுல ஏறல. சின்ன விஷயம்மா! கஷ்டமான விஷயம்கூட இல்ல. நாம சுத்தம்னு நினைக்கறது அதுக்குச் சூனியம். இதை எத்தனை விதமாச் சொல்றது? அவங்க கெட்டவங்க இல்ல. நல்லது பண்றோம்னுதான் நினைக்கறாங்க. அதுதான் கோவம் கோவமா வருது. கெட்டது பண்றவங்ககிட்டச் சண்டை போடலாம். நல்லது பண்றேன்னு நிக்கறவங்ககிட்ட என்னத்தைப் பேசறது?

திங்கக்கிழமை சாயங்காலம் மரகதம் உக்காந்துடுச்சு. நிக்கல. டாக்டர் தம்பி நேரா அந்தம்மா ரூமுக்குப் போனாராம். தணிகாசலம் சொன்னார், உள்ள ஒரே சத்தம்னு. வெளிய வந்து என்கிட்ட, "ஐயா, நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, பூங்காவுக்கு லீவு. ஜனம் வராது. ஒரு நாள் மெஷினை நிறுத்தறோம். புதன்கிழமை காலையில தண்ணி பழையபடி இருக்கணும்னு மேடம் சொல்லிட்டாங்க"ன்னார். ஒரே ஒரு நாள். பன்னெண்டு நாளாப் பட்டினி கிடக்கற ஜீவனுக்கு ஒரு நாள் தவணை.

செவ்வாய்க்கிழமை காலையில கேனைத் தூக்கிட்டுப் போனேன். அந்தம்மா மூக்குல கைக்குட்டையோட கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிக்கறாங்க. நான் ஓரமா, மெதுவா ஊத்தினேன். தண்ணி டீ மாதிரி ஆச்சு. டாக்டர் தம்பி, "அடுத்தது என்னங்கய்யா?"ன்னார். "ஒண்ணும் இல்ல. வெச்சாச்சு. தள்ளி நிக்கணும். கூப்பிடக் கூடாது. கண்ணைப் பாக்கக் கூடாது. அதுவா வரணும்"னேன்.

அதுக்கு அவங்களுக்குப் பொறுமை இல்லம்மா. பத்து நிமிஷத்துல, "ஒண்ணும் நடக்கலையே"ன்னாங்க கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்து. அரை மணி ஆச்சு. முக்கா மணி ஆச்சு. மூக்கு அசைஞ்சுது. எழுந்துச்சு. ஒரு அடி வெச்சு நின்னுச்சு, மறுபடி ஒரு அடி. தண்ணி ஓரத்துல வந்து ரொம்ப நேரம் மோந்துச்சு. நான் சாமியைக்கூடக் கும்பிடல, அதுக்கும் அசையணுமேன்னு. ஒன்றரை மணி நேரம்மா. ஒன்றரை மணி நேரம் கழிச்சு முன்கால் ரெண்டையும் உள்ள வெச்சுது. அப்புறம் மொத்த உடம்பும் வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு. அடியில நடந்து, நடந்து, நேராக் கண்ணாடிகிட்டப் போய், திரும்பி நின்னு, வாலைச் சுத்துச்சு பாருங்க! கண்ணாடி முழுக்க! அந்தாண்ட நின்ன அந்தம்மா கத்திக்கிட்டுப் பின்னால குதிச்சுட்டாங்க. கண்ணாடி நடுவுல இருக்குன்னே மறந்துட்டாங்க.

டாக்டர் தம்பி சிரிக்கறார், அழறார், ரெண்டும் ஒண்ணாப் பண்றார். மத்தியானம் முழுப் பூசணி ரெண்டு உள்ள போச்சு. சாயங்காலம் ஒரு கட்டுப் புல்லு. அதோட உறுமல் கேட்டிருக்கீங்களா? சிரிக்கற மாதிரி இருக்கும். ஹங், ஹங், ஹங்னு. நாலு தடவை போட்டுச்சு.

இன்னிக்குக் காலையில கண்ணாடியைத் துடைக்கச் சொன்னாங்க. "துடைங்க, ஆனா அந்த மூலையை விட்டுடுங்க, தண்ணியில கால்வாசிக்கு மேல மாத்தாதீங்க"ன்னு கெஞ்சி ஒத்துக்க வெச்சேன். அதுக்குள்ள பேப்பர்காரங்க வந்துட்டாங்க. மருத்துவக் குழுவோட இடைவிடாத சிகிச்சையில பிழைச்சுதுன்னு அந்தம்மா அவங்ககிட்டச் சொன்னாங்க. பிச்சாண்டின்னு ஒரு பேரும் அந்தப் பேச்சுல வரல, கேன்னு ஒரு வார்த்தையும் வரல. போகட்டும். பேரு எனக்கு எதுக்கு? ஆனா நாளைக்கே இன்னொரு அதிகாரி வந்து முழுசாக் கழுவுங்கடான்னு சொன்னா, அங்க யார் இருக்கா சொல்றதுக்கு? அதை நினைச்சாத்தான் வயிறு எரியுது.

என்னம்மா, கேனையே பாக்கறீங்க. வாசமா?

என்ன கேட்டீங்க? கல்லா? எந்தக் கல்லு?

அமுலு கல்லா. எங்க வீட்லதான் இருக்கு. ஜன்னல்ல வெச்சது வெச்சபடி. எடுத்துட்டுப் போகல அவ.

அது அழுக்கு இல்லையா? பின்ன?

இருங்க, பஸ் சத்தத்துல சரியாக் கேக்கல. எத்தனை வருஷம்னு கேக்கறீங்களா? அதான் சொன்னேனே, கடையில பதினெட்டு வருஷம். இங்க வந்து மூணு வருஷம். எண்ணெய்தானம்மா அது, எண்ணெய்ப் பிசுக்கு...

தோசைக்கல்லும் குளமும் ஒண்ணா என்ன? அது உசிரு, இது இரும்பு. நீங்க வேற.

...

"அதை மட்டும் தொடாதீங்க"ன்னாம்மா. பதினஞ்சு தடவை சொன்னா.

இந்தக் காத்து என்ன இப்படி அடிக்குது. ஜன்னலைக் கொஞ்சம் சாத்தறேன்.

கண்டக்டர் தம்பி, ஆலங்குப்பம் வந்துடுச்சா? இல்ல, நான் டிக்கெட் எடுத்தது புதுப்பேட்டைக்குத்தான். ஆலங்குப்பத்துல எங்க சம்பந்தி வீடு. இறங்கவா? இல்ல, வேண்டாம், வேண்டாம். வண்டியை விடு. வெறுங்கையோட இந்த நாத்தம் பிடிச்ச கேனைத் தூக்கிட்டுப் போய் நிக்க முடியாது. வீட்டுக்குப் போய்க் கல்லை எடுத்துட்டு, நாளைக்குக் காலையில முதல் வண்டிக்கு வரேன்.

ஏம்மா, அதைத் திரும்பக் கறுப்பாக்க வழி இருக்கா? வெங்காயத்தைப் பாதியா வெட்டி, எண்ணெயில தொட்டுத் தேய்க்கணுமா? நல்லெண்ணெயா, கடலெண்ணெயா? சரி. இன்னிக்கு உக்காந்து நானே தேய் தேய்னு தேச்சு, விடியறதுக்குள்ள...

தேய்க்கக் கூடாதா?

நான் தொடவே கூடாதா? அப்ப நான் என்னதாம்மா பண்றது? சும்மா கொண்டுபோய் அவ முன்னாடி வெக்கறதா? வெச்சுட்டு?

தள்ளி நிக்கறதா.

சரிம்மா. கூப்பிடல. கண்ணைப் பாக்கல. நிக்கறேன்.

மரகதத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அமுலுவுக்கு எவ்வளவு நேரம்மா ஆகும்?